விறகைச் சிக்கனஞ் செய்யும் முற்றத்தடுப்பு

கல்லூரி விழா மலர்களிலே சமயமும் இலக்கியமும் கல்லூரி வரலாறும் பேசப்படுதல் மரபு. அவற்றினிடையே அடுப்பைப் பற்றிய கட்டுரையொன்று இடம்பெறுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என வெப்பம் பரவும் மூவகை வழிகளையும் மனனஞ் செய்து பரீட்சையிலே எழுதியவர் நம்முட் பலர். தத்தம் வீட்டு அடுப்பிலே அம்மூன்றையும் கண்டுகொண்டவர் மிகச் சிலரே. கற்ற விஞ்ஞானம் வீட்டு முற்றம் வரை வந்து சேராவிடின் அது விடைத்தாளோடு முடிந்துவிடும். ஆதலின், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு ஒரு மாணவன் தானே கட்டக்கூடிய சிக்கன அடுப்பொன்றின் தத்துவத்தையும் அமைப்பையும் இங்கு எடுத்துரைப்போம்.

இது வெறும் பொழுதுபோக்கு அன்று. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது மரநிழல்களிலும் வீதியோரங்களிலும் மூன்று கற்களை வைத்தே உலையேற்றினர். 2022 ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்திலே கொழும்பு மாநகரிலும் விறகுக்கு அலைந்தோர் பலர். நாகரிகம் எவ்வளவு வளர்ந்தபோதிலும் விறகடுப்பு நம்மை விட்டு முற்றாக நீங்கவில்லை. இடர் வந்துற்ற வேளைகளில் முதலிற் கைகொடுத்ததும் அதுவே.

கைகொடுக்கும் அடுப்பே கண்ணையும் நெஞ்சையும் கெடுப்பதும் உண்டு. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. புகையின் முன்னே நெடுநேரம் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் தாய்மாரும் அவர்தம் மடியிலிருக்கும் குழந்தைகளுமே. ஆகவே விறகடுப்பைத் திருத்துவது மரத்தைக் காப்பதோடு தாயைக் காப்பதுமாகும்.

விறகு எரியும் முறை

விறகு எரிகின்றது என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். உண்மையில் அங்கு மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. முதலில் விறகிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும். அடுத்து, வெப்பம் 200 பாகை செல்சியசுக்கு மேற் செல்லச்செல்ல மரம் சிதைந்து வாயுக்களையும் தார்த்தன்மையுள்ள ஆவிகளையும் வெளிவிடும். உலர்ந்த விறகின் நிறையில் முக்காற் பங்குக்கு மேற்பட்டது இவ்வாறு வாயுவாகவே வெளியேறுகின்றது. இறுதியில் எஞ்சுவது கரி. அதுவே தணலாகி நின்று எரிகின்றது.

நாம் சுவாலை என்று காண்பது மேற்சொன்ன வாயுக்கள் ஒட்சிசனுடன் சேர்ந்து எரியும் காட்சியேயாம். அவை செவ்வையாக எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையும், போதிய காற்றும், இரண்டும் ஒன்றோடொன்று கலத்தற்குச் சிறிது இடமும் காலமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாயுக்கள் எரியாமலே வெளியேறும். அவ்வாறு எரியாது தப்பிச் செல்லும் பகுதியே புகை. எனவே புகை என்பது தீயின் இயல்பான துணை அன்று. நாம் வெட்டி, உலர்த்தி, சுமந்து வந்த விறகின் ஒரு பங்கு வீணே வானிற் செல்வதன் அடையாளம் என்க.

மூன்று கல் அடுப்பின் குறைகள்

மூன்று கல்லடுப்பு மனிதனின் மிகப் பழைய கண்டுபிடிப்புக்களுள் ஒன்று. எப்பானைக்கும் பொருந்தும், எவ்விடத்தும் அமையும், பணச்செலவு இல்லை. தைப்பொங்கலன்று முற்றத்திலே புதுப்பானை ஏற்றுதற்கு அதனையே நாம் போற்றுகின்றோம். அது அவ்வாறே இருக்கட்டும். நாள்தோறும் எரிக்கும் அடுப்பாக அதனை நோக்கும்போதுதான் குறைகள் புலப்படுகின்றன.

நாற்புறமும் திறந்திருப்பதால் குளிர்காற்று வேண்டிய அளவுக்கு மேலாகப் புகுந்து சுவாலையைக் குளிர்விக்கின்றது. தணலின் வெப்பம் கதிர்வீசலால் சுற்றுப்புறமெங்கும் சிதறுகின்றது. அடியிலுள்ள ஈரநிலம் ஒரு பங்கைக் கடத்தலால் உறிஞ்சுகின்றது. சூடான வாயுவிற் பெரும்பகுதி பானையைத் தொடாமலே ஒதுங்கிச் செல்கின்றது. இவையெல்லாம் போக, விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்து முதற் பதினைந்து பங்கு வரையே பானையைச் சேரும் எனப் பொதுவாக மதிப்பிடுவர். காற்றடியாத இடத்தில் கவனமாக எரித்தால் இதனிலுஞ் சற்றுக் கூடும். எவ்வாறாயினும் பெரும்பங்கு இழப்பே.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சிகள் பல நாடுகளிலே நிகழ்ந்தன. 1950 களில் ஐதராபாத்திலே எஸ். பி. ராஜு என்னும் பொறியியலாளர் புகைபோக்கியோடு கூடிய மண்ணடுப்புக்களை அமைத்துப் பரப்பினார். 1980 களில் நம் நாட்டிலே உருவாகிக் குயவர்களால் வனையப்பட்டுப் பரவிய ‘அனகி’ அடுப்பு, ஒரே தீயில் இரண்டு பானைகளைச் சூடாக்கும் சுட்டமண் அடுப்பாகும். 1982 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள அப்புரொவெச்சோ ஆய்வு நிலையத்தைச் சார்ந்த லாரி வினியார்ஸ்கி என்பவர் ‘ரொக்கற் அடுப்பு’ என வழங்கும் அமைப்பின் விதிகளை வகுத்தார். மடித்த முழங்கை போன்று, கிடையான வாயும் செங்குத்தான குழலும் சேர்ந்திருப்பதே அதன் வடிவம். நாம் கட்டப்போவதும் அவ்வகையினதே. வசதி கருதி அதனை முழங்கையடுப்பு எனலாம்.

முழங்கையடுப்பின் தத்துவம்

குழலினுள் 600 பாகை வரை சூடேறிய வாயுவின் அடர்த்தி, வெளியேயுள்ள காற்றின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. பாரங் குறைந்த அவ்வாயு குழலில் விரைந்து மேலெழ, அதன் இடத்தை நிரப்பக் கீழ்வாயிலே புதுக்காற்று இழுக்கப்படுகின்றது. ஊதுகுழலும் விசிறியும் இன்றியே அடுப்பு தானே மூச்சு வாங்குகின்றது. எழும் வாயு ஒடுங்கிய வெப்பக் குழலினுள்ளே காற்றுடன் கலந்து எரிந்து தீர்ந்தபின்னரே பானையின் அடியை அடையும். விறகின் நுனி மட்டும் தீயினுள் இருப்பதால், எரிக்கக்கூடிய அளவு வாயுவே வெளிப்படும். ஆகவே புகை குறையும்.

இவ்வடுப்பை அமைப்போர் மனத்திருத்தவேண்டிய விதிகள் மூன்று. ஒன்று: குழலின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறத்தாழ மும்மடங்காதல் வேண்டும். இரண்டு: வாயு செல்லும் பாதையின் பரப்பு வாயிலும் குழலிலும் பானையின் அடியிலும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும். ஓரிடத்திலே ஒடுங்கினால் இழுவை கெட்டுப் புகை வாய்வழியே திரும்பும்; ஓரிடத்திலே அகன்றால் வாயு பானையைத் தொடாது நழுவும். மூன்று: குழலைச் சூழ்ந்துள்ள பொருள் வெப்பத்தை விழுங்காததாயிருத்தல் நன்று.

இம்மூன்றாம் விதியைப் பலர் பிறழ உணர்வர். தடித்த மண்சுவர் வெப்பத்தைக் காக்கும் என்று எண்ணுவர். மண்ணும் கல்லும் வெப்பத்தைக் காப்பதிலும் பார்க்கத் தாமே உண்பதுதான் மிகுதி. வெப்பத்தைத் தடுப்பது நுண்ணிய அறைகளிலே அடைபட்ட காற்றேயாம். சாம்பலிலும் உமிச்சாம்பலிலும் அது நிறைந்துள்ளது. சிறிது நேரம் மட்டும் எரிக்கும் அடுப்புக்கு, பழைய எண்ணெய்த் தகரத்தினுள்ளே மெல்லிய சுட்டமண் குழலொன்றை நிறுத்திச் சுற்றிலும் சாம்பலை இறுக்கி நிரப்புதல் சிறந்தது. சாரணர் பாசறை, கோயில் மடம், விடுதிச்சாலை ஆகியவற்றிலே மணிக்கணக்காக எரிக்கும் அடுப்புக்குச் செங்கல்லே உறுதியானது. கல் ஒருமுறை சூடேறியபின் இழப்புக் குறையும்.

வேண்டிய பொருள்கள்

நன்கு சுட்ட செங்கற்கள் 25, சலித்த களிமண் அல்லது புற்றுமண், சிறிது மணல், அடுப்புச் சாம்பல் இரண்டு மூன்று வாளி, அகலம் 4 சதமமீற்றரும் நீளம் 30 சதமமீற்றருமான தடித்த இரும்புப் பட்டம் ஒன்று, 20 சதமமீற்றர் நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பிகள் இரண்டு, விறகு தாங்குதற்கு ஒரு தகட்டுத்துண்டு.

சீமெந்துக் கல்லும் சீமெந்துச் சாந்தும் ஆகா. கடுஞ்சூட்டில் அவை வெடித்து உதிரும். குடாநாட்டின் சுண்ணக்கல்லும் ஆகாது. அது சூளையிலே சுண்ணாம்பாக மாறுவதை அறிவோம். ஈரமான ஆற்றுக்கல் உள்நீர் ஆவியாகிச் சிதறவுங்கூடும்.

அமைக்கும் முறை

செங்கல்லின் அளவு ஊருக்கூர் வேறுபடும். நீளம் 22, அகலம் 10.5, உயரம் 6.5 சதமமீற்றர் எனக் கொள்வோம். நான்கு கற்களைச் சதுரமாக வைக்கும்போது ஒவ்வொரு கல்லின் தலையும் அடுத்த கல்லின் விலாவிலே முட்டும்படி, காற்றாடியின் இதழ்கள் போல அடுக்குக. நடுவே ஒரு சதுரத் துவாரம் தோன்றும். அதன் பக்கம் கல்லின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்துவந்த அளவாகும், அஃதாவது 11.5 சதமமீற்றர். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு இதுவே போதிய அளவு.

முதலில் நிலத்தை மட்டஞ்செய்து 5 சதமமீற்றர் தடிப்புக்குச் சாம்பலைப் பரப்பி இறுக்குக. அதன்மேல் ஆறு கற்களை மும்மூன்றாக இரு நிரையிற் படுக்கவைத்துத் தளமாக்குக. களிமண்ணையும் மணலையும் சாம்பலையும் குழைத்த சாந்தினால், ஒரு சதமமீற்றருக்கு மேற்படாத இடைத்தடிப்பில் முதல் வரிசையைக் கட்டுக. இவ்வரிசையில் முன்பக்கத்து முழுக்கல்லுக்குப் பதிலாக ஓர் அரைக்கல்லை வெளிமூலையை ஒட்டி வைத்தால், 11.5 சதமமீற்றர் அகலமான வாய் கிடைக்கும்.

முதல் வரிசையின்மேல் வாய்க்குக் குறுக்கே கம்பிகள் இரண்டையும் பதித்து, அவற்றின்மேல் தகட்டை வைக்குக. தகட்டின் உள்முனை குழலின் ஓரத்தோடு நிற்றல் வேண்டும். வெளிமுனை ஒரு சாண் அளவு முன்னே நீண்டிருக்கலாம். தகட்டின்மேல் விறகு, கீழே காற்று. இப்பிரிவினால், உட்புகும் காற்று தணலின் அடியாகச் சென்று சூடேறிச் சுவாலையை அடைகின்றது. கீழ்வழியையும் விறகால் அடைப்பவர் அடுப்பின் மூக்கைப் பொத்துபவராவர்.

இரண்டாம் வரிசையையும் அரைக்கல்லோடு, ஆனால் காற்றாடியை மறுபுறமாகச் சுழற்றிக் கட்டுக; மூட்டுக்கள் ஒன்றன்மேலொன்று வராது சுவர் பிணையும். பின்னர் வாயின்மேல் இரும்புப் பட்டத்தை இட்டு, மூன்றாம், நான்காம், ஐந்தாம் வரிசைகளை நான்கு முழுக்கற்களால் மாறிமாறிச் சுழற்றி அடுக்குக. மொத்த உயரம் ஏறத்தாழ 35 சதமமீற்றர். இது துவாரத்தின் மும்மடங்கு என்பதைக் காண்க. தளத்துக்கு ஆறு, சுவருக்குப் பதினெட்டு, இரு அரைக்கற்களுக்கு ஒன்று ஆக இருபத்தைந்து கற்களும் தீர்ந்துவிடும்.

இனிப் பானை தாங்கும் குமிழ்கள். துவாரத்தின் பரப்பு 11.5 × 11.5, அஃதாவது ஏறத்தாழ 132 சதுர சதமமீற்றர். அதன் சுற்றளவு 46 சதமமீற்றர். முன்னதைப் பின்னதாற் பிரித்தால் 2.9 வரும். ஆகவே மூன்று குமிழ்களும் ஏறத்தாழ 3 சதமமீற்றர் உயரமிருத்தல் வேண்டும். சதுரக் குழல் எதற்கும் இடைவெளி பக்கத்தின் காற்பங்கு என்பது இதனாற் பெறப்படும் சூத்திரம். அன்னதானக் கிடாரத்துக்கென 20 சதமமீற்றர்ப் பக்கமுள்ள குழல் கட்டுவோர், உயரத்தை 60 ஆகவும் இடைவெளியை 5 ஆகவும் கொள்க.

இறுதியாக, பானையைச் சுற்றி ஒரு தகரவளையம் நிறுத்துக. 26 சதமமீற்றர் விட்டமுள்ள பானையின் சுற்றளவு ஏறத்தாழ 82. 132 ஐ 82 ஆற் பிரித்தால் 1.6 ஆகும். வளையத்துக்கும் பானைக்கும் இடையே அவ்வளவு வெளி விட்டால், சூடான வாயு பானையின் விலாவைத் தழுவிக்கொண்டே மேலெழும். வாய்வழியே தீ திரும்பி வருமாயின் இடைவெளியைச் சிறிது கூட்டுக.

சாந்து நிழலிலே சில நாள் உலரவேண்டும். பின்னர் சிறுதீயிட்டுப் பதப்படுத்தியே பெருந்தீ மூட்டுக.

விறகும் அதன் பக்குவமும்

இவ்வடுப்பு பெருங்கட்டைகளை ஏற்காது. விரற்பருமன் முதல் இரு விரற்பருமன் வரையுள்ள உலர்ந்த குச்சிகளே இதற்கு உணவு. இதனை ஒரு குறையெனச் சிலர் கூறுவர். நம் நாட்டுக்கு இதுவே பெருநன்மை என்பேன். கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை முதலியவற்றால் அமைந்த வேலிகளை நாம் ஆண்டுதோறும் கதியால் வெட்டித் திருத்துகின்றோம். இலை ஆட்டுக்குப் போக, எஞ்சும் மெல்லிய கொம்புகளைப் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். பனம்மட்டையைக் கீறினாலும், தென்னம்பாளையைப் பிளந்தாலும் தக்க பருமனான குச்சிகள் கிடைக்கும். மரத்தை வேரோடு வீழ்த்தாமல், வேலியும் தோட்டமும் தரும் கழிவைக் கொண்டே உலை கொதிக்கச் செய்யலாம். போராலும் புயலாலும் மரமிழந்த நம் மண்ணுக்கு இது சிறிய உதவியன்று.

ஈரவிறகின் கேட்டைக் கணக்கிட்டுக் காண்போம். பச்சை விறகு ஒரு கிலோகிராமில் பாதி நீர் எனக் கொள்க. அந்த அரைக் கிலோகிராம் நீரை 30 பாகையிலிருந்து கொதிக்கவைத்து ஆவியாக்க ஏறத்தாழ 1.28 மெகாயூல் வெப்பம் வேண்டும். எஞ்சிய அரைக் கிலோகிராம் மரம் தரக்கூடியதோ ஏறத்தாழ 9 மெகாயூல். எனவே ஏழிலொரு பங்கு, பானையை எட்டுமுன்னரே செலவாகின்றது. அதனினும் பெரிய தீங்கு, அந்த நீராவி சுவாலையைக் குளிர்வித்துப் புகையை மிகுவித்தலாகும். மாரிக்கு முன்னரே விறகைப் பிளந்து கூரையின்கீழ் அடுக்கிவைத்த நம் முன்னோரின் வழக்கம் எவ்வளவு அறிவுடையது!

காவோலைத் துண்டால் மூட்டி, இரண்டு மூன்று குச்சிகளின் நுனிகளை மட்டும் உட்செலுத்துக. எரிய எரியத் தள்ளுக. தீயைக் கூட்டக் குச்சியைச் சேர்த்தலும் குறைக்க எடுத்தலுமே முறை. நீர் கொதித்தபின் எவ்வளவு பெருந்தீ எரித்தாலும் திறந்த பானையின் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. மிகுதியான தீ ஆவியை மட்டுமே பெருக்கும். ஆதலின் கொதி வந்ததும் ஒரு குச்சியை மாத்திரம் விட்டு மூடியால் மூடுக. பயறு கடலைகளை முன்னரே ஊறவைத்தாலும் விறகு மிகும்.

அளந்து பார்த்தல்

அடுப்பு நன்றென்று வாயாற் சொல்லுதல் விஞ்ஞானமாகாது. தராசும் வெப்பமானியும் மணிக்கூடும் இருந்தால் மாணவர் தாமே சோதிக்கலாம். 5 இலீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த வேண்டிய வெப்பம், 5 × 4.2 × 70 = 1470 கிலோயூல்; அஃதாவது 1.47 மெகாயூல். காற்றிலுலர்ந்த விறகு கிலோகிராமொன்றுக்கு ஏறத்தாழ 15 மெகாயூல் தரும் எனக் கொள்க. மூன்று கல்லடுப்பிலே 600 கிராம் விறகு செலவாயிற்றெனின், வெளிப்பட்ட வெப்பம் 9 மெகாயூல். பயன் நூற்றுக்குப் பதினாறு. முழங்கையடுப்பிலே 350 கிராம் செலவாயிற்றெனின், வெளிப்பட்டது 5.25 மெகாயூல்; பயன் நூற்றுக்கு இருபத்தெட்டு. இவை கணக்கு விளங்குதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையானவற்றை உங்கள் தராசே கூறவேண்டும். பானை, நீர், விறகு ஆகியன இருமுறையும் ஒன்றாயிருத்தல் அவசியம். எஞ்சிய கரியையும் நிறுத்துக் கணக்கிலே சேர்க்க. ஒவ்வொன்றையும் மும்முறை செய்து சராசரி காண்க.

சில எச்சரிக்கைகள்

விறகு குறைந்தமையால் நச்சுவாயுவும் முற்றாக நீங்கிற்று என எண்ணலாகாது. கண்ணுக்குப் புலனாகாத காபனோரொட்சைட்டு தணலிலிருந்து எப்பொழுதும் எழும். புகைபோக்கி இல்லாத இவ்வடுப்பு திறந்த முற்றத்துக்கே உரியது; மழைக்கஞ்சி அடைத்த அறையினுள்ளே கொண்டுசெல்லற்க. ஓலைக் கொட்டிலின் கீழும் வைக்கற்க; குழலிலிருந்து எழும் சுவாலை உயரமானது. நாள்தோறும் தகட்டின் கீழுள்ள சாம்பலை அகற்றுக. அதனைத் தோட்டத்துக்கு இடலாம்.

முடிவுரை

இருபத்தைந்து செங்கற்களும் ஒரு விடுமுறை நாளும் இருந்தால் இவ்வடுப்பு எழுந்துவிடும். இதிலே வடிவியல் உண்டு, வெப்பவியல் உண்டு, இரசாயனம் உண்டு. பழைய மாணவர் தம் ஊர்க் கோயில் மடத்திலோ வீட்டு முற்றத்திலோ ஒன்றைக் கட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர் இதனைச் செய்முறைப் பாடமாக்கட்டும். மாணவர் தாம் கட்டிய அடுப்பிலே தம் தாயாரை ஒரு நாள் இருத்தாமல், தாமே உலையேற்றிச் சோறு சமைக்கட்டும். அப்பொழுது புகை எவ்வளவு, விறகு எவ்வளவு, உழைப்பு எவ்வளவு என்பன ஏட்டுக் கணக்காயிராமல் அநுபவமாகும். கல்வி வீட்டாருக்குப் பயன்படுதலினும் சிறந்த பயன் அதற்கு வேறில்லை.